என் பையில் இல்லாத போர்வை

எனக்கு மூக்கின் மேல் கோபம். வாய்க்கொழுப்பும் உண்டு. இரண்டையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் காரியத்தை இந்த இரண்டும் சேர்ந்துதான் செய்தன.

அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலைகளில் விடுமுறை நாட்களில் நடக்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போகும் தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருந்தேன். யாராவது விழுந்தால் முதலுதவி செய்து, போலீஸ் மீட்புப் படை வரும்வரை ஆளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. தோளில் மாட்டும் பை முதல் விசில் வரை அவரவர் செலவு.

அந்தப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். தன் ஊரில் பனிச்சறுக்கு மலைகளில் தன்னார்வ மீட்பாளராகப் பல வருஷம் இருந்தவர். அவருடைய பட்டியலில் பனியைத் தோண்டும் மண்வெட்டி இருந்தது, பனிக்குள் புதைந்தவர்களைக் குத்தித் தேடும் நீளக் கம்பி இருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்தார். போர்வையை மட்டும் அடிக்கவில்லை. உள்ளே வெள்ளி பூசிய தடித்த போர்வை அது; சுருட்டினால் பால் பவுடர் டின் அளவு இருக்கும். ஆளுக்கு ஒன்று. இரண்டிரண்டு பேராகத்தான் போவோம் என்பதால் அடிபட்டவருக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று.

இன்னொரு விதியும் வைத்தார். எல்லோருடைய பையிலும் ஒரே பொருள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கையுறையும் கட்டுத்துணியும் மேலே, விளக்கும் விசிலும் பக்கவாட்டில், போர்வை அடியில். யார் பைக்குள்ளும் யாரும் கேட்காமலே கை விடலாம். ஏறுவதற்கு முன்னால் பெட்ரோல் பங்க் வாசலில் பைகளைத் திறந்து வரிசையாக வைப்போம், ஒருவர் சரிபார்ப்பார்.

என் ஜோடி ஒரு பாய். காயல்பட்டினம் பக்கத்துக்காரர், என் வயதுதான், ஷார்ஜா தொழில்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பைகள் வரிசையாகத் திறந்து கிடப்பதைப் பார்த்தால் போதும், "என்ன இன்ஜினியர், கல்யாணச் சீர் பரப்பியாச்சா?" என்பார்.

போர்வை எனக்கு ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். "வேகிற ஊர்ல கம்பளி விக்க வந்துட்டான்யா" என்று பாயிடம் புலம்புவேன். இங்கே ஆட்கள் சாய்வது வெயிலில், தண்ணீர் இல்லாமல். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஒரு நாள் போர்வையை எடுத்துக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலைச் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாதம் வரும், வாதத்தில் நான் தோற்றுவிடுவேன்.

அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை பைகளைச் சரிபார்க்கும் முறை என்னுடையது. விளக்குக்கு மாற்று பேட்டரி கொண்டுவராத ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினேன். பாவம், அந்தப் பெண் முகம் சிவந்து நின்றாள். என் பையை யாரும் பார்க்கவில்லை. சரிபார்க்கிறவன் பையை எவன் பார்ப்பான்?

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. கூடவே காற்று. பன்னிரண்டு மணி வாக்கில் மேலே ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மற்ற ஜோடிகள் மலையின் மறுபக்கம் போயிருந்தார்கள்; பக்கத்தில் இருந்தது நாங்கள் இருவர்தான், ஓடினோம். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், காட்டன் சட்டை, தொடை எலும்பு முறிந்து ஈரப் பாறையில் கிடந்தார். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், தமிழா? அப்பாடா" என்றார். "கால்கூடப் பரவால்ல சார். குளிருதான் தாங்க முடியல."

காலைக் கட்டினோம். பாய் தன் போர்வையை எடுத்து அவருக்கு அடியில் மெல்ல நுழைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, என் பையின் அடியில் கை விட்டார்.

ஒரு பாட்டில் வந்தது. மறுபடி கை விட்டார். இன்னொரு பாட்டில் வந்தது.

இரண்டையும் பாறைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அந்த மனிதர் மேல் போட்டார். நானும் என்னுடையதைக் கழற்றினேன். இரண்டும் ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஒற்றைப் போர்வையைக் கீழே விரித்தால் மேலே மழை, மேலே போர்த்தினால் கீழே ஈரப் பாறை. மாற்றி மாற்றிப் பார்த்தோம். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. மீட்புப் படை நடந்து ஏறி வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் நடுங்குவதை நிறுத்திவிட்டார். நடுக்கம் நின்றால் நல்லதல்ல என்பதும், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரர் நடத்திய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உள்ளே ரத்தம் நிறையப் போய்விட்டது என்றார்கள். "போர்வை இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்று பாய் ஒரு தரம் சொன்னார். அவர் நல்ல மனுஷன், அதனால் சொன்னார். நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

உடலை ஊருக்கு அனுப்பும் முன் ஷார்ஜாவில் இறந்தவரின் ஃபிளாட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அவர் மனைவி எங்களை உட்காரச் சொன்னார், கடைசியாகக் கூட இருந்தவர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மறைக்காம சொல்லுங்க. ரொம்பக் குளிர்ல கெடந்தாரா? அவருக்குக் குளிரே ஆகாது. ஏசிய இருபத்தாறுக்குக் கீழ வைக்க விடமாட்டாரு."

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பிறகு என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"இல்லம்மா. கீழ ஒரு போர்வை, மேல ஒரு போர்வை போட்டிருந்தோம். கதகதப்பாத்தான் இருந்தாரு."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "போதும் சார். அந்த ஒண்ணுதான் ராவும் பகலும் அறுத்துக்கிட்டிருந்துச்சு. நீங்க நல்லாருக்கணும்."

பாய் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே வந்து காரில் ஏறிய பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு நல்லதுதான் செஞ்சீங்க" என்றார். "ஆனா இனிமே நீங்க அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்க முடியாதே, இன்ஜினியர்."

அவர் சொன்னது பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. குழுவிலிருந்து அந்த மாதமே விலகிவிட்டேன். அந்த அம்மா இப்போது திருச்சியில் இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புகிறார், கடைசி வரியில் மறக்காமல் நன்றி சொல்கிறார். நானும் பதிலுக்கு வாழ்த்து அனுப்புகிறேன்.