காய்ந்த அரளித் தழை

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புத் தோட்டம். ஆடு மாடு நுழையாமலிருக்க வேலியோரம் அரளி வைத்திருந்தேன். பச்சைத் தழை கசக்கும் என்பதால் ஆடுகள் தொடுவதில்லை. காய்ந்தால் கசப்பு குறையும், விஷம் குறையாது. தின்ற உயிரின் இதயத்தையே நிறுத்திவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும், போன கோடையில் வெட்டிய கிளைகளைச் சோம்பல்பட்டு வண்டிப்பாதையோரம் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, எங்களிடம் களையெடுக்க வரும் செல்வியின் வீட்டில் அழுகுரல் கேட்டு ஓடினேன். அவளுடைய சினையாடு நுரை தள்ளிக் கிடந்தது. கால்நடை மருத்துவர், "என்னம்மா தின்னுச்சு?" என்று கேட்டார்.

"தெரியலைங்களே சார்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழி வருமே என்று வாய் திறக்கவில்லை. அவர் வயிற்று உப்புசம் என்று நினைத்து ஊசி போட்டார். மதியத்துக்குள் ஆடு செத்துப்போனது.

சாயங்காலம் செல்வி மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, ஆட்டு வாயில அரளித் தழை இருந்துச்சு. பாதையில எவனோ வெட்டிப் போட்டுக்கீறான். உங்க கன்னுக்குட்டி அங்கதான் மேஞ்சிக்கினு இருக்குது, போய்ப் புடிங்க!"

கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, "வெட்டிப் போட்டது நான்தான் செல்வி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "டாக்டரு கேக்கசொல்ல நீங்க அங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு ஆடு வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த ஆடு பிழைக்காமல் போயிருக்கலாம். ஆனால் பிழைத்தும் இருக்கலாம்; இப்போதெல்லாம் அரளி வெட்டினால் அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன்.