ஒட்டுக் கட்டுகிறவரின் சந்தேகம்

விளாங்குடி ஜெபக்கூட்டத்துக்கு ஒரு நர்சரிக்காரர் வருவார். விரலெல்லாம் பழைய கத்திக்கீறல். எந்த மரத்தைக் கண்டாலும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்.

ஒருநாள், வேதத்தில் அப்போஸ்தலர் எழுதியதை வைத்து நான் பிரசங்கித்தேன்: ஒலிவமரம் என்பது இஸ்ரவேல், நாமெல்லாம் அதில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைகள்.

அவர் கையைத் தூக்கினார். "ஐயா, காட்டு மரத்துலதான நல்ல கொப்ப ஒட்டுவோம்? நல்ல மரத்துல காட்டுக் கொப்ப ஒட்டுனா காய் கசக்கும். அப்போஸ்தலருக்கு இந்தத் தொழில் தெரியாதோ?"

கூட்டம் சிரித்தது.

"இயல்புக்கு மாறுன ஒட்டுன்னு அவரே எழுதிருக்காருண்ணே. அதுதான் கிருபை," என்று சமாளித்தேன்.

"அப்பச் சரிங்கய்யா. இம்புட்டு வருசம் சபைக்கு வந்தும் சிலபேருக்குக் கசப்பு போகலையேன்னு பார்த்தேன். ஒட்டு அப்படி!"

அதைச் சொல்லும்போது என்னையே ஏன் பார்த்தார் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.