கோஸ்ட் கார்டும் அண்டர் செக்ரட்டரியும்

பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். கடல் வாணிபப் பாடத்தில் கொள்ளைக் கப்பல்களைப் பற்றி ஒரு பத்தி வரும். அந்தக் கால ஐரோப்பாவில் ராஜா கொடுத்த அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடித்தால் அது நாட்டுக்குச் செய்த சேவை. அதே ஆள் அதே பீரங்கியோடு சீட்டு இல்லாமல் போனால் தூக்கு.

"மேம், சீட்டு வாங்கிட்டா திருடன் போலீஸ் ஆயிடுவானா?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அந்த வாரம் என் தம்பி சோமாலியாக் கரையில், கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்த சரக்குக் கப்பலில் இருந்தான். அதில் அவன் என்ஜினியர்.

கப்பல் கம்பெனி ஆள் எங்கள் ஜனக்புரி வீட்டுக்கு வந்து விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார். கொள்ளைக்காரர்களிடமிருந்து போன் வரும். குடும்பத்தைப் பேசவிட்டு ஆழம் பார்ப்பார்கள். அழுதால் பரவாயில்லை. பெரிய இடம் என்று மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது. அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் கிளார்க் என்று சொல்லுங்கள் என்றார்.

அது பொய்கூட இல்லை. அப்பா டெல்லிக்கு வந்தது கிளார்க்காகத்தான். ரிடையர் ஆனது அண்டர் செக்ரட்டரியாக. வாசல் பலகையில் பெயருக்குக் கீழே அது இருக்கிறது. கோயில் கமிட்டியிலும் பல் டாக்டரிடமும் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார். இங்கே டெல்லியில் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் பதவி இல்லாமல் ஒரு பெயர் இருக்காது. கிளார்க் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. கம்பெனி ஆள் அதைக் கவனிக்கவில்லை.

போன் ஒரு மத்தியானம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் பேசியவனுக்கு நல்ல ஆங்கிலம். நாங்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை, கோஸ்ட் கார்ட், கடலோரக் காவல் படை, எங்கள் கடலில் அனுமதி இல்லாமல் வந்த கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றான். அதைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். எதிரில் ஒரு டிபார்ட்மென்ட் இருக்கிறது. அவருக்கு அது போதும். நான் போனைக் கையில் எடுப்பதற்குள் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"ஆபீசர், நான் இந்திய அரசாங்கத்தில் ரிடையர்ட் அண்டர் செக்ரட்டரி. இதை மேலிடத்துக்குக் கொண்டுபோவேன்."

"அண்டர் செக்ரட்டரி" என்று அவன் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, "தேங்க் யூ, சார்" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. வைத்துவிட்டான்.

"பாத்தியா, சார்ங்கறான்" என்றார் அப்பா.

நான் போய்க் குக்கர் வைத்தேன்.

கம்பெனி பணம் கட்டியதும் மற்றவர்களை விட்டார்கள். தம்பியை மட்டும் அரசாங்க வீட்டுப் பிள்ளை என்று கரைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆள் இந்தக் காரணத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார். அப்பா சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறித் தன் பழைய ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் மிச்சமில்லை. டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அவரைப் பிடித்துக் கத்த வேண்டும் என்று இருந்தது. கத்தவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. வகுப்புக்குப் போனேன், பேப்பர் திருத்தினேன், சாப்பிட்டேன்.

கம்பெனி மறுபடி பணம் கட்டி, குளிர் ஆரம்பித்த பிறகு அவனை விட்டார்கள். ஏர்போர்ட்டில் தடுப்புக்கு முன்னால் போய் நின்றோம். காவலுக்கு இருந்தவன், "அங்கிள், பீச்சே ஹட்டியே" என்றான். அப்பா பின்னால் நகரவில்லை. ஹிந்தியில் தன் பதவியைச் சொன்னார். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்தவரைத் தள்ளினான். அதற்குள் தம்பி வெளியே வந்திருந்தான். பாதி ஆளாக இருந்தான். அப்பா சொன்னது அவன் காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

டாக்சியில் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அவனுங்க என்னை இதையேதான் கேட்டானுங்க. அண்டர் செக்ரட்டரின்னா மினிஸ்டருக்கு எவ்வளவு கீழன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ரொம்பக் கீழன்னேன். நம்பல."

முன்சீட்டில் அப்பா டிரைவரிடம் தான் எந்த மினிஸ்ட்ரியில் இருந்தார் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.