டோலோன் கணவாயில் நின்ற வண்டி

தூலத் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஆட்டுக்குடல் கழுவிக்கொண்டிருந்தபோது. என் அண்ணன் மகள் ஜிபார் எதிரே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் மலையூர் நாரினில் மருந்துக்கடையில் வேலை அவளுக்கு.

"அத்தை, ஒரு ஆள் ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டா என்ன அர்த்தம்?"

"குடிச்சிருக்கான்னு அர்த்தம்."

"தூலத் குடிக்க மாட்டார்."

பேர் வெளியே வந்துவிட்டது. யார், எந்த ஊர் என்று பிடித்தேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் கொச்கோரில் அசன்குலின் மகன், கால்நடை மருத்துவன். அசன்குலின் அம்மாவும் என் மாமியாரின் தங்கையும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். நல்ல வீடு. குடிகாரர் ஒருவரும் இல்லை, இரண்டு தாரம் கட்டியவர் ஒருவர் உண்டு, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இருபது தடவை கேட்கிற கேள்வி அடுப்பைப் பற்றியது. எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் நிலக்கரி அடுப்புதான். கரி தணிந்த பிறகு குழாயில் இருக்கும் தகட்டைத் தள்ளி மூடினால் விடியும் வரை சூடு நிற்கும். தணிவதற்கு முன்னால் தள்ளினால் புகை வீட்டுக்குள்ளேயே நிற்கும், படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். தெருவுக்கு ஒரு வீட்டில் அப்படிப் போனவர்கள் உண்டு. தூலத் வீட்டில் யாராவது போயிருப்பார்கள், பையன் பயந்திருப்பான் என்று நினைத்து மூன்று இடத்தில் விசாரித்தேன். ஒருவரும் போகவில்லை. பயம் மட்டும் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜிபாரோடு சாப்பிடப் போனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். வேலைக்காக நாரினில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்த் தகட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவான். வந்து உட்கார்ந்ததும், "திறந்துதானே இருந்தது?" என்று அவளைக் கேட்பான். இவள் எங்கே பார்த்தாள்? "திறந்துதான் இருந்துச்சு" என்பாள். ஒரு தடவை அவளே அவன் அறைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். இது நேற்று எடுத்த படமாக இருக்குமோ என்று கேட்டானாம். ஒரு வருஷம் இப்படி. இவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

கடைசியில் அவள்தான் அவனைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதற்கு ஓ.சி.டி. என்று பேராம். மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, வீட்டு ஆட்களுக்கும் ஜிபாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். அவன் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"இது என்ன வைத்தியம்? தவிக்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொல்லச் சொல்லத்தான் அத்தை அது வளருது."

நான் நம்பவில்லை.

நவம்பரில் கம்மல் போட வருவதாகத் தூலத் வீட்டார் சொல்லிவிட்டார்கள். மாமியாராக வருகிறவள் பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அண்ணன் ஆடு அறுத்தார். பதினொரு மணிக்கு வர வேண்டும். தூலத்தான் வண்டி ஓட்டுகிறான், கூட அவன் அம்மா பாத்மா. கால் முடியாத அசன்குல் வீட்டிலேயே இருந்துவிட்டார், அடுப்பும் எரிகிறது. அதைக் கேட்டதுமே ஜிபாரின் முகம் மாறியது.

பதினொன்றரை ஆகியும் காணோம். பாத்மா போன் செய்தாள். "சாரி-புலாக் வரைக்கும் வந்தோம் சம்பந்தி. திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்துட்டு இப்பத்தான் மறுபடி கிளம்பியிருக்கோம்." கூடத்தில் பதினேழு சொந்தக்காரர்கள். கறி வெந்துவிட்டது, யாருக்கு எந்த எலும்பு என்று மரியாதை பார்த்துப் பங்கு வைப்பது வழக்கம், விருந்தாளி வராமல் பிரிக்க முடியாது.

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் வந்தா சோறு போடுறேன், பொண்ணைக் கொடுக்க மாட்டேன். பாதி வழியில திரும்புறவன்கிட்ட அவளை எப்படி விடுறது?"

கொட்டகைக்குப் பின்னால் போய், ஜிபாருக்குத் தெரியாமல் தூலத்தைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, கவலைப்படாம வா. கொச்கோர்ல எங்க ஆள் ஒருத்தர் இருக்கார். உங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டார். தகடு நல்லாத் திறந்திருக்கு."

யாரையும் அனுப்பவில்லை. பொய்.

"கையால தொட்டுப் பார்த்தாரா அத்தை?"

"பின்னே? தொட்டுத்தான் பார்த்தார்."

"தொட்டா அசைஞ்சிருக்குமே."

மறுபடியும் வண்டியைத் திருப்பிவிட்டான். பாத்மா அதைச் சொன்னபோது நான் ஒன்றும் தெரியாதவள் போல மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜிபார் என் கையையே பார்த்தாள்.

"நீங்கதானே பேசுனீங்க?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று மணிக்குப் பாத்மாவின் குரல் உடைந்து வந்தது. "டோலோன் கணவாய் உச்சியில நிக்கிறோம். இவங்கப்பா போனை எடுக்கல. எட்டுத் தடவை அடிச்சாச்சு. ஸ்டீரிங்கைப் பிடிச்சவன் விட மாட்டேங்கிறான், முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. பனி வேற விழுது. நீ பேசும்மா ஜிபார்."

ஜிபார் வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன், அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பா எடுக்கல. திறந்துதானே இருக்கு?"

"எனக்குத் தெரியாது."

"ஒரு தடவை சொல்லு. இன்னிக்கு ஒரு தடவை மட்டும்."

நான் அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன். சொல்லிவிடு என்று வாயை அசைத்தேன்.

"எனக்குத் தெரியாது தூலத். திரும்பிப் போனீங்கன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன். வந்தீங்கன்னா நான் இருக்கேன். வாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்கப்பா நிஜமாவே மயங்கிக் கிடந்தா என்னடி செய்வே?" என்றேன்.

"அப்ப நான்தான் அவரைக் கொன்னவ. அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன். பேசாதீங்க அத்தை."

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் நாலு தடவை போனைக் கையில் எடுத்தாள், நாலு தடவையும் வைத்தாள். ஒரு தடவை என்னிடமே, "திறந்துதான் இருக்கும், இல்லையா?" என்று கேட்டாள். வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது.

நாலு மணி ஆயிற்று. அண்ணன் எழுந்து வெளியே போய் வாசல் கதவை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலே காலுக்கு வண்டி வந்தது. கூரையில் பனி. அண்ணன் நகரவில்லை. கம்மல் போடும் நாளில் பெண் வாசலுக்கு வருவதில்லை, எங்கள் வீட்டில் ஒருத்தியும் வந்ததில்லை. ஜிபார் எல்லாரையும் தாண்டிப் போய், அப்பாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கை கழுவத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

தூலத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாத்மா இரண்டு தடவை முயன்றும் கம்மல் ஜிபாரின் காதில் ஏறவே இல்லை. நான்தான் பிடித்துப் போட்டேன். அவன் முன்னால் வைத்த கறியை அவன் தொடவில்லை.

தேநீர் ஊற்றும்போது அசன்குல் போன் செய்தார். "போட்டாச்சா? அவன் கேட்டா பதில் சொல்லாதேன்னு டாக்டர் சொன்னார்னு போனைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டேன்." பாத்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். தூலத் வாயைத் திறந்தான், ஜிபாரைப் பார்த்தான், மூடிக்கொண்டான். ஆனால் கொஞ்ச நேரத்தில் வெளியே போய், வண்டிக்குள் உட்கார்ந்து அப்பாவைப் போனில் கேட்டுவிட்டுத்தான் வந்தான். ஜன்னல் வழியாக நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஜிபாரும் பார்த்தாள்.

தூலத் இப்போது கொச்கோரில் மாடுகளுக்கு ஊசி போடுகிறான். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறான். கல்யாணமாகி ஜிபாரும் அவனும் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள்.