ஓர் ஈய எழுத்து

பெரிய மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவளை எல்லோரும் 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தை மறந்தாலும் எலும்பை மறக்கமாட்டாள். "போன வருஷம் முழங்கால் ஒடஞ்சு வந்தது நீங்கதானே?" என்று கடைத்தெருவில் கேட்டு ஆட்களைத் திடுக்கிட வைப்பாள்.

அவள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எங்கே பூட்டு உடைந்தாலும் போலீஸ் வண்டி முதலில் அந்தத் தெருவுக்குத்தான் வரும். கறுத்த தோலும் அந்த விலாசமும் இருந்தால் போதும், சாட்சி எதற்கு? வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அவள் தம்பி ஒரு நாள் காலை ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். "ஏணியோட எந்த வீட்டுல ஏறப் போறே?" என்று கேட்டு வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள்.

மதியம் அவள் அறைக்கே அவனைக் கொண்டுவந்தார்கள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"படியில விழுந்துட்டான்மா," என்றார் போலீஸ்காரர், பல் குத்திக்கொண்டே.

தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் படம் எடுத்தாள். விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டுதான் உடையும். அடிக்குப் பயந்து கையைத் தூக்கித் தலையை மறைக்கிறவனுக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்க எலும்பு உடையும். இவனுக்கு உடைந்தது அங்கேதான். பாவி, என்ன அடி அடித்திருக்கிறான்! 

தம்பியை வெளியே விட்டதும் புகார் கொடுத்தாள். இன்று போய் நாளை வா என்றார்கள். நடையாய் நடந்தாள். மூன்று வாரம் கழித்து, போனால் போகட்டும் என்று விசாரணை வைத்தார்கள்.

விசாரணை அதிகாரி படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "ஓரத்துல 'ஆர்'னு இருக்கே?"

அவள் எட்டிப் பார்த்தாள். 'ஆர்'தான். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் ஈய எழுத்து வைக்க வேண்டும். இடது கைக்கு எல், வலது கைக்கு ஆர். அன்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்ததில் மாற்றி வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"உன் தம்பிக்கு ஒடஞ்சது இடது கை. படத்துல வலது கை. அப்ப இது யார் கை?"

"என் கைதான் சார்," என்றான் தம்பி, மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி.

"நீ பேசாதே. ஆவணம் பேசட்டும்."

"தப்பு என்னுதுதான் சார். இப்பவே வேற படம் எடுத்துத் தர்றேன்."

"எடும்மா. ஆனா எப்ப ஒடஞ்சதுன்னு அதுல எழுதியிருக்குமா?"

கோப்பை மூடிவிட்டார்கள். அடித்தவருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு. அவளுக்கு மருத்துவமனையிலிருந்து வந்தது பதினைந்து நாள் இடைநீக்கம். காரணம்: ஆவணத்தில் கவனக்குறைவு.

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கக்கா, ரத்து பண்ணிடுவாங்க," என்றார் அலுவலக குமாஸ்தா.

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்: "எழுத்தை மாற்றி வைத்தது நான். ஒப்புக்கொள்கிறேன். கையை உடைத்தது யாரோ, அவரும் இப்படி எழுதித் தரட்டும்."

பதினைந்து நாள் முப்பது நாளானது.