பனிமூட்டத்தில் தெரிந்த ஆள்

மாரண்டஹள்ளியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்து வேலை பார்க்கிறேன். படத்தை முழுதாக எடுக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அளவீடுகளை மட்டும் வைத்து, கேமராவுக்கு எதிரே ஆள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் கணினி நிரலை எழுதுகிறேன்.

ஒரு மார்கழிக் காலையில், உடல் சூட்டை வைத்துப் படம் காட்டும் வெப்பக் கேமராவை மாடியில் வைத்து, எதிரிலிருந்த தக்காளித் தோட்டத்தின் பக்கம் திருப்பினேன். என் கண்ணுக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது. திரையில் ஒரு புள்ளியைக் காட்டி, ஆள் என்றது நிரல். சரிதானா என்று பார்க்க இறங்கிப் போனேன். ஒரு பெரியவர் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

“யாருங்க, ஊருக்குப் புதுசுங்களா?” என்றார்.

“எதுத்த வூடுதாங்க. ரெண்டு வருஷமா இருக்கறேன்.”

“அப்படிங்களா! பூட்டிக் கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்.”

நிரல் ஜெயித்த சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது. பனி விலகும்வரை அவரோடு சேர்ந்து குச்சி நட்டேன். அந்த வாரத்தில் நான் நேரில் பேசிய ஒரே ஆள் அவர்தான்.