பாலைவனச் சாலையில் ஒரு வெள்ளைப் பாவாடை

கோயிலைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் எனக்கு ஒரே உடுப்புத்தான். இடுப்பில் இலாஸ்டிக் வைத்த கருநீலப் பருத்திக் காற்சட்டை, இரண்டு பக்கமும் ஆழமான பைகள். மேலே முழங்கால் வரை வரும் தொளதொளத்த சட்டை. காலில் துணிச் சப்பாத்து. இதே மாதிரி நான்கு சோடி வைத்திருக்கிறேன். மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கத் தரையில் இருந்து எழும்ப வேண்டும். ஒரு பிள்ளை சாயம் பூசிய கையோடு மடியில் ஏறும்போது இன்னொன்று கதவை நோக்கி ஓடும். அதற்கு இந்த உடுப்பை விட்டால் வேறு வழியில்லை.

என் மச்சாளுக்கு அது பிடிக்காது. என் கணவரின் அக்கா அவர், புரோசார்ட்டில் இருக்கிறார். எப்போது கண்டாலும், "ஆஸ்பத்திரியில துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வருத்தக்காரி மாதிரி இருக்கிறீர்" என்பார். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

போன வைகாசியில் மச்சாளின் கணவருக்கு லாஸ் வேகஸில் நாலு நாள் மாநாடு வந்தது. நாங்களும் கூடப் போவோம் என்று மச்சாள் சொன்னபோது முதலில் தலையாட்டியவள் நான்தான். அதற்குக் காரணம் இருந்தது. அங்கிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடினால் பழைய அறுபத்தாறாம் இலக்கச் சாலையின் ஒரு துண்டு வரும். பாலைவன மலைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. நூலகத்தில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் அதைப் பற்றி வாசித்திருந்தேன். ஒரு காலத்தில் புழுதிப் புயலில் பயிரும் நிலமும் போன குடும்பங்கள் மெத்தையையும் சட்டி பானையையும் காரின் மேல் கட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் மேற்கே போனார்களாம். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும்போது வழியில் இருந்த ஒரு ஊற்றில் தண்ணீர் பிடித்தார்களாம். ஊற்றுக்கு ஏறும் கற்படிகள் இன்னும் இருக்கின்றன என்று புத்தகத்தில் இருந்தது.

நானும் ஊரில் சண்டைக்காலத்தில் சட்டி பானையோடு இடம்பெயர்ந்தவள். வெறும் தண்ணீர்க் கானோடு கிணறு தேடி நடந்திருக்கிறேன். அந்தப் படியில் ஏறி அந்தத் தண்ணீரைக் கையால் தொட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மாநாட்டின் மூன்றாம் நாளை அதற்கென்று ஒதுக்கினோம். என் கணவர் கார் ஓட்டுவார். கூட மச்சாள், நான், எங்கள் பத்தொன்பது வயது மகள். பின்னேரம் ஐந்து மணிக்கு மாநாட்டுக் குடும்பங்களுக்கு விருந்து, அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

காலையில் மச்சாள் கடதாசிப் பைகளோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"எல்லாரும் வெள்ளை. பாலைவனத்தில வெள்ளைதான் படத்துக்கு எடுபடும்."

எனக்கென்று கொண்டுவந்தது கணுக்கால் வரை ஒடுங்கிய பாவாடையும் குதி உயர்ந்த செருப்பும். மகளுக்குக் காற்சட்டையும் வெள்ளை ஓட்டச் சப்பாத்தும்.

"மச்சாள், எனக்கு உது சரிவராது. நான் என்ரை உடுப்பிலயே வாறன்."

"ஒரு நாளைக்குத்தானே. எனக்காகப் போடுமன்."

கணவரைப் பார்த்தேன். அவர் தன் வெள்ளைச் சட்டைக்கு ஏற்கெனவே பொத்தான் பூட்டிவிட்டு, தொலைபேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓம் என்றேன். படம் எடுத்து முடிய மாற்றலாம் என்று என் உடுப்பையும் சப்பாத்தையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் வைத்தேன்.

முதல் நிறுத்தம் பழைய பெற்றோல் நிலையம் ஒன்று. அழகாகத் திருத்தி வைத்திருந்தார்கள். பம்பின் பக்கத்தில் ஒரு படம், பம்பைப் பிடித்தபடி ஒரு படம், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து ஒரு படம். காற்றில் மச்சாளின் தலைமயிர் கலைந்ததால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். ஒன்றரை மணித்தியாலம் போனது. "மாமி, காணும்" என்று மகளே சொல்லிவிட்டாள்.

நான் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். தண்ணீர்ப் பெட்டி இருந்தது, தொப்பிகள் இருந்தன.

"இஞ்சாருங்கோ, கதவடியில வைச்ச பை எங்க?"

"எந்தப் பை?" என்றார் கணவர்.

பின்பக்கத்தை அறைந்து மூடிவிட்டுக் காருக்குள் ஏறினேன். பாதை ஒடுங்கியது. ஓரத்தில் தடுப்பில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். புத்தகத்தில் சொன்ன தூரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். படிகள் கண்ணில் பட்டதும், "நிப்பாட்டுங்கோ" என்றேன்.

"பத்து நிமிசம்தான். விருந்துக்குப் பிந்தக் கூடாது" என்றார் மச்சாள். அவர் இறங்கவில்லை.

முப்பது படிகள் இருக்கும். ஒவ்வொன்றும் உயரம், பிடிக்கக் கம்பியில்லை. பாவாடை முழங்காலை மடக்க விடவில்லை. கூச்சத்தை விட்டு அதைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நாலு படி ஏறினேன். ஐந்தாவதில் குதி ஒரு வெடிப்புக்குள் இறங்கிச் செருப்பின் வார் அறுந்தது. செருப்புகளைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். கல் தோசைக்கல்லாகச் சுட்டது. ஒரு காலை எடுத்தால் மற்றக் கால் சுட்டது. கடைசியில் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் கால்களை வைத்தபடி படியிலேயே இருந்துவிட்டேன்.

"அம்மா, வேண்டாம். விழுந்திடுவீங்கள். நான் பாத்திட்டு வாறன்" என்று மகள் என்னைத் தாண்டி ஏறினாள். அந்தச் சப்பாத்தோடு இரண்டு நிமிடத்தில் மேலே நின்றாள்.

"அம்மா, தண்ணி இருக்கு. குட்டி மீனும் நிக்குது."

இறங்கி வந்து, மேலே எடுத்த படத்தைத் தொலைபேசியில் என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்த வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது.

காருக்குள் ஏறியதும் மச்சாள் சொன்னார்: "படத்தில பாத்திட்டீர்தானே. பேந்தென்ன?"

"படத்தில பாக்கிறதெண்டால் மொன்ட்ரியாலிலயே பாத்திருப்பன். நான் இஞ்ச உடுப்புக் காட்ட வரேல்லை."

"ஆர் உம்மைக் கட்டாயப்படுத்தினது?"

ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்கோ. வளைவு பொல்லாதது" என்றார் கணவர்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர். சுரங்கக்காரர் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் தெருவில் திரிந்தது. மற்ற மூவரும் இறங்கிக் கழுதைகளோடு படம் எடுத்தார்கள். நான் அறுந்த செருப்போடு காருக்குள் இருந்தேன். விழுந்தடித்துத் திரும்பினோம். விருந்து ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர், "அடுத்த முறை போவம்" என்றார். எங்கள் வீட்டில் அடுத்த முறை என்பது மொன்ட்ரியாலில் தெரு திருத்தவென்று வைத்த ஆரஞ்சுக் கூம்பு மாதிரி. எப்போது எடுப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெற்றோல் நிலையத்தில் எடுத்த படத்தை மச்சாள் பெருப்பித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அங்கே ஒரு பிறந்தநாளுக்குப் போனபோது வந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "வடிவாச் சிரிச்சிருக்கிறீங்கள் அக்கா" என்றாள். நான் குசினிக்குள் போனேன். அங்கே மச்சாள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தச் செருப்பை ஒரு அளவு பெருசா எடுத்திருக்க வேணும். என்ரை பிழைதான்."

அவர் இவ்வளவு இறங்கி வந்து நான் கண்டதில்லை. ஆனால் அவர் வருந்தியது செருப்பின் அளவுக்காக, நான் ஏறாமல் விட்ட படிகளுக்காக அல்ல.

"செருப்பில பிழையில்லை, மச்சாள்" என்றேன்.

நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று அவர் கரண்டியோடு காத்திருந்தார். பொரித்த ரோல்ஸைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.